ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விடலாமா?

கேள்வி: விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டதால் வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பில் (4 ஜிபி மெமரி) டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போடலாம் என்று யூஎஸ்பியில் ஏற்றித் தொடங்கினேன். ரூட் பாஸ்வேர்ட் கேட்டது, ஏதோ ஒன்றைக் கொடுத்தேன். அப்புறம் முழுப் பெயர், யூசர்நேம். கடைசியில் மென்பொருள் பட்டியல் ஒன்று வந்ததும் குழம்பிப்போய் அப்படியே அணைத்துவிட்டேன். இந்த லேப்டாப்பை என் மாமனார், உயர்நிலை 1 படிக்கும் மகன், நான் என மூவரும் பயன்படுத்துவோம். மாமனார் தமிழில் தட்டச்சு செய்வார். ரூட் பாஸ்வேர்ட் கொடுத்தது சரியா? மூன்று கணக்குகளையும் அங்கேயே திறக்க முடியுமா? பட்டியலில் எதை டிக் செய்வது?
- ஒரு வாசகி, செங்காங்

பதில்: முதலில் ஒரு விஷயம். மென்பொருள் பட்டியல் வரும் கட்டத்தில் ஹார்டு டிஸ்கைப் பிரித்து அடிப்படை சிஸ்டத்தை ஏற்றும் வேலை முடிந்திருக்கும். ஆனால் கணினியைக் கிளப்பும் ‘கிரப்’ அதற்குப் பிறகுதான் ஏறும். ஆகவே இப்போது லேப்டாப்பைத் திறந்தால் டெபியன் வராது. திரும்பவும் முதலிலிருந்தே போடுங்கள். அதில் நட்டம் ஒன்றும் இல்லை. ரூட் விஷயத்தையும் இந்த முறை சரியாகச் செய்துவிடலாம்.

ரூட் என்பது கணினியில் எதையும் மாற்ற அதிகாரம் உள்ள நிர்வாகிக் கணக்கு. அதன் பாஸ்வேர்டைக் காலியாக விடுங்கள். இரண்டு கட்டத்திலும் எதையும் தட்டாமல் அடுத்த பக்கத்துக்குப் போங்கள். பாஸ்வேர்ட் இல்லாமல் யார் வேண்டுமானாலும் ரூட்டாக நுழையலாம் என்று பலர் பயப்படுவார்கள். நடப்பது நேர்மாறானது. காலியாக விட்டால் ரூட் கணக்கையே டெபியன் பூட்டிவிடும். அதற்குப் பதிலாக, அடுத்த பக்கத்தில் நீங்கள் திறக்கும் முதல் கணக்குக்கு ‘சூடோ’ உரிமையைக் கொடுக்கும். அதாவது, நிர்வாக வேலை வரும்போது உங்கள் சொந்த பாஸ்வேர்டையே கொடுத்து வேலையை முடித்துக்கொள்ளலாம்.

ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? தனி நிர்வாகி ஒருவர் இருக்கிறார் என்று இன்ஸ்டாலர் எடுத்துக்கொள்ளும். முதல் கணக்கு சாதாரணக் கணக்காகிவிடும். மறுநாள் இணையத்தில் படித்த ஒரு சூடோ கட்டளையைத் தட்டினால், உங்கள் பெயர் சூடோயர்ஸ் கோப்பில் (சூடோ உரிமை உள்ளவர்களின் பட்டியல்) இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும். டெபியனுக்குப் புதிதாக வருகிறவர்களை அதிகம் தடுக்கிவிடும் இடம் இதுதான். திரையில் இதைப் பற்றி விளக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பாஸ்வேர்ட் கட்டத்தைப் பார்த்தவுடன் அதை நிரப்பத்தான் கை போகும், மேலே இருக்கும் பத்தியை யார் படிக்கிறார்கள்?

ஏற்கெனவே ரூட் பாஸ்வேர்ட் கொடுத்துப் போட்டு முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மறுபடியும் போட வேண்டாம். டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) திறந்து ‘சு -’ என்று தட்டி ரூட் பாஸ்வேர்டைக் கொடுங்கள். (கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து.) அந்தக் கோடு முக்கியம். 2019-ல் வந்த டெபியன் 10 முதல், கோடு இல்லாமல் ரூட்டாக மாறினால் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் அடைவை (ஃபோல்டர்) கணினி தேடிப் பார்க்காது. கட்டளை சரியாக இருந்தும் ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று சொல்லும். உள்ளே போனதும் ‘ஆப்ட் இன்ஸ்டால் சூடோ’, அடுத்து ‘ஆட்யூசர் மீனா சூடோ’. மீனா இருக்கும் இடத்தில் உங்கள் யூசர்நேம். பிறகு லாக் அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே வாருங்கள். லாக் அவுட் செய்யாமல் ‘வேலை செய்யவில்லையே’ என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

ரூட்டைப் பூட்டுவதில் ஒரு குறையும் உண்டு. என்றைக்காவது சிஸ்டம் சரியாக எழும்பாமல் ரிக்கவரி மோடுக்குப் போனால், ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். அப்போது கைகொடுப்பது இன்ஸ்டாலர் இருக்கும் அதே யூஎஸ்பிதான். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் ரெஸ்க்யூ மோடு இருக்கிறது. ஆகவே அந்த யூஎஸ்பியை அழித்து, மகனின் பள்ளிப் பாடக் கோப்புகளை அதில் போட்டுவிடாதீர்கள்.

இனி முதல் கணக்கு. இன்ஸ்டாலர் ஒரே ஒரு கணக்கைத்தான் திறக்கும். அது உங்களுடையதாக இருக்கட்டும், மாமனாருடையதோ மகனுடையதோ வேண்டாம். அதற்குத்தான் சூடோ உரிமை போகப்போகிறது.

முழுப் பெயர் கட்டத்தில் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், அது வெறும் காட்சிக்கு. யூசர்நேம்தான் நிரந்தரம். உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவின் பெயரும் அதுவே. பின்னால் மாற்ற வழி உண்டு என்றாலும் அது ஒட்டுப்போடுகிற வேலை, பழைய பெயர் ஏதாவது ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலச் சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும், அதன் பின் எண்கள் வரலாம். சில பெயர்களை சிஸ்டம் தனக்கென்று வைத்திருக்கிறது. மகன் ஆசைப்பட்டு ‘கேம்ஸ்’ என்று வைக்கச் சொன்னால் நடக்காது. அந்தப் பெயரில் டெபியனில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. ‘மெயில்’, ‘நியூஸ்’, ‘பேக்கப்’ ஆகியவையும் அப்படித்தான்.

பெயரைச் சின்னதாக வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்களுக்கு நான் சொல்லப்போகும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பில் (மெனு, சாளரங்கள் உள்ள திரை அமைப்பு), டெபியன் நுழைவுத் திரை பயனர் பட்டியலைக் காட்டாது. ஒவ்வொரு முறையும் யூசர்நேமைத் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். மாமனார் நீளமான பெயரோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டாமே. பட்டியல் தெரியத்தான் வேண்டும் என்றால், இடிசி அடைவில் இருக்கும் லைட்டிஎம் (நுழைவுத் திரையை நடத்தும் மென்பொருள்) அமைப்புக் கோப்பில் ‘கிரீட்டர்-ஹைட்-யூசர்ஸ்=ஃபால்ஸ்’ என்ற வரி முன்னால் ஒரு ஹேஷ் குறியோடு இருக்கும். அந்தக் குறியை மட்டும் எடுத்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள்.

பாஸ்வேர்ட் பற்றிப் பொதுவான அறிவுரை எல்லாரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன். நம் ஊருக்கு மட்டும் இரண்டு. ஐசி நம்பரை வைக்காதீர்கள். அடையாள அட்டை எண்ணைக் கொண்டு ஆளை உறுதிப்படுத்துவதை நிறுவனங்களே நிறுத்த வேண்டும் என்று தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் 2025-ல் அறிவுறுத்தின. வீட்டு லேப்டாப்புக்கும் அது பொருந்தும். இரண்டாவது, கீபோர்டு. சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ஆங்கிலம்தானே என்று நினைத்து இன்ஸ்டாலரில் பிரிட்டிஷ் கீபோர்டைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே கடைகளில் விற்கும் லேப்டாப்களில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு. பிரிட்டிஷ் அமைப்பில் ஷிஃப்டோடு 2-ஐத் தட்டினால் அட் குறிக்குப் பதில் இரட்டை மேற்கோள் குறி விழும். பாஸ்வேர்ட் கட்டத்தில் தெரிவது புள்ளிகள்தானே, யாருக்கும் தெரியாது. பின்னொரு நாள் கீபோர்டைச் சரியான அமைப்புக்கு மாற்றினால், ‘சரியான’ பாஸ்வேர்டைப் போட்டும் உள்ளே விடாது. எழுத்துகளைக் காட்டச் சொல்லும் வசதி அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மொழி தேர்வு இதற்கெல்லாம் முன்னாலேயே வந்துவிடும். இன்ஸ்டாலரைத் தமிழிலேயே ஓட்டலாம், வரைகலை இன்ஸ்டாலரில் அது நன்றாகவே வரும். ஆனாலும் ஆங்கிலம், நாடு சிங்கப்பூர் என்று வைப்பதையே நான் சொல்வேன். சிங்கப்பூர் ஆங்கிலத்துக்கு லொக்கேல் (மொழியும் நாடும் சேர்ந்த அமைப்பு) இருக்கிறது. தமிழுக்கு இந்தியா, இலங்கை ஆகிய இரண்டு மட்டுமே, சிங்கப்பூர்த் தமிழுக்கு இல்லை. தமிழைத் தேர்ந்தெடுத்து நாடு சிங்கப்பூர் என்றால் இந்த இணைக்கு லொக்கேல் இல்லை என்று குறுக்கே ஒரு கேள்வி வரும். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றுக்கு இந்த நிலைமை என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. போகட்டும், தமிழில் படிக்கவும் எழுதவும் லொக்கேல் தேவையில்லை. எழுத்துருவும் உள்ளீட்டு முறையும் இருந்தால் போதும்.

இப்போது அந்தப் பட்டியல். இங்கே கஞ்சத்தனம் நல்லது. விட்டுப்போன எதையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், இந்தப் பக்கத்துக்காக இவ்வளவு பயப்படத் தேவையே இல்லை. முதலில் ‘டெபியன் டெஸ்க்டாப் என்விரான்மென்ட்’, அதன் கீழே ‘க்னோம்’, கடைசியில் ‘ஸ்டாண்டர்ட் சிஸ்டம் யூட்டிலிட்டிஸ்’ ஆகியவற்றில் டிக் இருக்கும். க்னோமில் இருப்பதை எடுத்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇ-க்குப் போடுங்கள். மற்ற இரண்டும் அப்படியே இருக்கட்டும். 4 ஜிபி மெமரியில் க்னோமும் ஓடும், ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் நாலு டேப் திறந்தவுடன் மூச்சு வாங்கும். ஆசைக்கு மூன்று நான்கு டெஸ்க்டாப்களை டிக் செய்தால் மெனு முழுக்க ஒரே வேலைக்கு இரண்டு மூன்று மென்பொருள்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வெப் சர்வர், எஸ்எஸ்எச் சர்வர் இரண்டும் வேண்டாம். ‘இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்று டிக் செய்வார்கள். வெப் சர்வர் என்றால் இணையப் பக்கங்களை வழங்கும் அப்பாச்சி என்ற மென்பொருள் எந்நேரமும் பின்னணியில் ஓடும். எஸ்எஸ்எச் என்றால் வலையிலிருக்கும் வேறு கணினியிலிருந்து இங்கே உள்ளே வர ஒரு வாசல். மகன் தன் கணக்குக்கு 123456 என்று பாஸ்வேர்ட் வைக்கப்போகிற வீட்டில் அது எதற்கு?

டெக்ஸ்ட் இன்ஸ்டாலரில் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: டிக் போட ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். என்டரைத் தட்டினால் பட்டியலை முடித்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். இதற்கு முன்னால் வரும் இரண்டு கேள்விகள் சுலபம். பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) எடுக்கும் சர்வருக்கு, கொடுக்கப்பட்டிருக்கும் பொது முகவரியையே வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருக்கும் இடத்திலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். எந்தப் பேக்கேஜைப் பயன்படுத்துகிறீர்கள் என்று டெபியனுக்குத் தெரிவிக்கும் கணக்கெடுப்புக்கு, ஆம், இல்லை எதுவும் சரிதான்.

மென்பொருள்களை நெட்டிலிருந்து எடுக்கும் சின்ன இன்ஸ்டாலரைப் போடும்போது நெட் வேண்டும். நெட் இல்லாவிட்டால் அடிப்படை சிஸ்டம் மட்டும் ஏறி, கடைசியில் கறுப்புத் திரையில் லாகின் என்று மட்டும் நிற்கும். பலர் அதைப் பார்த்துப் பழுது என்று நினைத்துவிடுவார்கள். கேபிளைச் செருகி இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டினால் அதே பட்டியல் வரும். 2023-ல் வந்த டெபியன் 12 முதல் வைஃபை ஃபர்ம்வேர் (வைஃபை கருவியை இயக்கும் மென்பொருள்) இன்ஸ்டாலரிலேயே சேர்ந்துவிட்டதால் இந்தத் தலைவலி முன்பைவிடக் குறைவு.

உள்ளே போனதும் மற்ற இருவருக்கும் கணக்கு: ‘சூடோ ஆட்யூசர் தாத்தா’. பாஸ்வேர்ட் கேட்கும். பிறகு முழுப் பெயர், அறை எண், அலுவலகத் தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி என்று வரிசையாகக் கேட்கும். பல்கலைக்கழகங்களில் ஒரே யூனிக்ஸ் கணினியை எல்லாரும் பகிர்ந்துகொண்ட காலத்தின் மிச்சம் அது. செங்காங் புளோக் எண்ணையெல்லாம் கொடுக்க வேண்டாம், என்டரைத் தட்டிக்கொண்டே போங்கள். மகனுக்கும் அதே மாதிரி. இருவருக்கும் சூடோ வேண்டாம். மகன் புதிதாக ஏதாவது மென்பொருள் கேட்டால் உங்களிடம் வந்து கேட்கட்டும்.

மாமனாருக்குத் தமிழ்: ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் ஐபஸ்-எம்17என்’. முதலாவது எழுத்துரு, இரண்டாவது உள்ளீடு. அவர் எந்த முறையில் தட்டுவார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒலிப்பு முறை, தமிழ்99, பழைய தட்டச்சு முறை மூன்றுமே இதில் உண்டு. 1997-ல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய காலத்திலிருந்து கணினியில் எழுதுகிறவர்கள் பலருக்குத் தங்கள் விசைப்பலகை மேல் தனிப் பாசம் உண்டு. அதை மாற்றச் சொல்லிவிடாதீர்கள். ஐபஸ் அமைப்பு கணக்குக்குக் கணக்கு தனி. ஆகவே அவர் கணக்கில் நுழைந்துதான் அதைச் சேர்க்க வேண்டும். உங்கள் கணக்கில் சேர்த்தால் அவருக்குத் தெரியாது.

வேறு லினக்ஸ் போடுகிறவர்களுக்குச் சுருக்கமாக: உபுண்டு, மின்ட் இரண்டும் ரூட்டைப் பற்றிக் கேட்காது, முதல் கணக்கே நிர்வாகி. அங்கே தானாக லாகின் ஆகும் வசதியைக் கேட்பார்கள், மூவர் பகிரும் கணினியில் அது வேண்டாம். உபுண்டுவில் கூடுதல் மீடியா வடிவங்களுக்கான டிக்கைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் சில வீடியோக்கள் ஓடாது. ஃபெடோராவில் பயனரை நிர்வாகியாக்கும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். ஓப்பன்சூசேயில் பயனரின் பாஸ்வேர்டையே நிர்வாகிக்கும் வைக்கும் டிக் ஒன்று உண்டு. மகனின் பாஸ்வேர்ட் அப்படி ரூட்டுக்கும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகனுக்குப் பள்ளி மூலம் வாங்கிய கற்றல் கருவி இருந்தால் அதில் இதையெல்லாம் முயற்சி செய்ய வேண்டாம். அதில் பள்ளியின் நிர்வாக மென்பொருள் இருக்கும். பழைய லேப்டாப்பில் அவனுக்குத் தேவையான கற்றல் தளம் ஃபயர்ஃபாக்ஸிலேயே திறக்கும். சிங்பாஸும் கைப்பேசியில் கியூஆர் ஸ்கேன் செய்தால் வந்துவிடும். அவற்றுக்கென்று தனியாக எந்தப் பேக்கேஜும் போட வேண்டியதில்லை.