ஆம்பூர்த் தோல் ஆலைக் கழிவுநீர் மாமல்லபுரம் கடலைக் கெடுக்குமா?

ஆம்பூர் வழியே வரும் பாலாறு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலப்பதால் கேள்வி நியாயமானதே. ஆயினும், வெள்ளக் காலம் தவிர வெறும் மணலாகக் கிடக்கும் ஆற்றில் கழிவுநீர் கடல்வரை ஓடுவதில்லை. அது வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளின் நிலத்தடி நீரிலேயே பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. தோல் கெடாதிருக்கத் தடவிய உப்பு, ஊறவைக்கும் தொட்டியில் கரைந்து வெளியேறுகிறது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தை வீழ்படிவாக்கி, அதாவது அடியில் படியவைத்து, பிரித்துவிடலாம். கரைந்த உப்பையோ வழக்கமான சுத்திகரிப்பு தொடுவதேயில்லை. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் பிரித்தாலும், ஆவியாக்கியபின் மிஞ்சும் உப்பை எங்கே கொட்டுவது என்பதே உண்மையான தலைவலி. இப்படி உப்பேறிய கிணற்று நீர் பாய்ந்த வயலில், வெயில் ஏறியதும் பாத்தி ஓரமெல்லாம் வெள்ளை பூத்துவிடும். மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் இந்தப் பகுதித் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. மாமல்லபுரத்தின் கடற்கரைக்கு, அவ்வூர் விடுதிகளும் வீடுகளும் வெளியேற்றும் கழிவுநீரே என் கணிப்பில் கிட்டத்து ஆபத்து.