வாயு தீர்ந்துபோவதில்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

வயதான கேலக்சிகளில் புது நட்சத்திரங்கள் பிறப்பது நின்றுவிடுகிறது என்று படித்தேன். மேட்டூரில் தண்ணீர் இல்லாவிட்டால் எங்கள் கடைமடை காய்வதுபோல, வாயு தீர்ந்ததும் எல்லாம் முடிந்துவிடுகிறது என்று புரிந்துகொண்டேன். சரியா? நம் பால்வீதிக்கும் இதே கதிதானா? பக்கத்து கேலக்சியான ஆண்ட்ரோமெடா வந்து மோதினால் என்ன ஆகும்? படைத்தவனே அழிக்கிறான் என்பது இதுதானோ?

– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியைப் பட்டிமன்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ரோமெடா வரப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும், அதையும் விடுங்கள். அந்தக் கடைமடைதான் என்னை உட்காரவைத்துவிட்டது, ஏனென்றால் இந்த வாரம் முழுக்க நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திருத்துறைப்பூண்டிக்காரர் இப்படி எழுதலாமா? கடைமடைக்குத் தண்ணீர் வராத துயரம் பாதிதான். கார்த்திகை மழையில் வடிகால் அடைத்துக்கொண்டு, நட்ட சம்பா பத்து நாள் முழுகிக் கிடந்து அழுகியதை நீங்கள் பார்த்ததில்லையா? எங்கள் வீட்டில் அப்படி ஒரு வருஷம் நடந்தது. பட்டணத்திலிருந்து வந்த உறவுக்காரர் வரப்பில் நின்று "தண்ணிதான் ததும்புதே, அப்புறம் என்ன?" என்றார். அப்பா அன்றைக்கு அவரோடு பேசவே இல்லை.

அந்த உறவுக்காரர் சொன்னதைத்தான் நீங்களும் திருப்பிப்போட்டுச் சொல்கிறீர்கள். இருக்கிறதா இல்லையா என்பதல்ல தம்பி, எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். கேலக்சிகள் கூட்டமாக இருக்கும் கொத்துக்குள் விழும் சில கேலக்சிகளின் வாயு உருவப்பட்டுவிடுவதும் உண்மைதான், ஆனால் பெரியவற்றின் கதை வேறு. கன்னி ராசிப் பக்கம், 5 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால், எம் 87 என்ற பெரிய கேலக்சி இருக்கிறது. அதைச் சுற்றி ஏராளமான வாயு, ஆனால் கோடிக்கணக்கான பாகை வெப்பத்தில். நட்சத்திரம் பிறக்க வாயு மைனஸ் 260 பாகை அளவுக்குக் குளிர்ந்து, திரண்டு, தன் எடையிலேயே உள்ளே சரிய வேண்டும். சூடான வாயு சரியாது, அதன் அழுத்தமே அதைத் தாங்கிப் பிடித்துவிடும்.

சரி, கொதிக்கும் உலையும் ஆறத்தானே வேண்டும்? எக்ஸ் கதிர்களாக வெப்பம் வெளியேறிக்கொண்டேதான் இருக்கிறது. கணக்குப்படி நடுவில் உள்ள வாயு எப்போதோ குளிர்ந்து உள்ளே கொட்டியிருக்க வேண்டும். கொட்டவில்லை. நடுவில் 650 கோடி சூரியன் எடையுள்ள கருந்துளை உட்கார்ந்திருக்கிறது, 2019-ல் படம் வந்ததே, அதேதான். அதற்குள் விழப்போகும் வாயுவில் ஒரு பகுதி குழாயில் பீச்சியடிப்பதுபோல ஒரு பீச்சாக (ஜெட்) வெளியே பாய்கிறது. வானியலாளர் ஹீபர் கர்ட்டிஸ் 1918-லேயே புகைப்படத்தில் அதைப் பார்த்துவிட்டார், என்னவென்றுதான் அப்போது யாருக்கும் தெரியாது. அந்தப் பீச்சு சுற்றியுள்ள வாயுவில் குமிழி குமிழியாக ஊதி, ஆறவிடாமல் வைத்திருக்கிறது என்பதுதான் இன்றைக்குப் பெரும்பாலோர் ஏற்கிற விளக்கம். அந்த வெப்பம் இவ்வளவு சீராக எப்படிப் பரவுகிறது என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது, இருக்கட்டும்.

பால்வீதியா? ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியன் எடைக்கு நட்சத்திரங்கள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன, இப்போதே ஒப்பாரி வைக்காதீர்கள். சித்திரையில் ராத்திரி பத்து மணிவாக்கில் எம் 87 உங்கள் ஊரில் கிட்டத்தட்ட நேர் உச்சியில் இருக்கும். சின்னத் தொலைநோக்கி கிடைத்தால் பாருங்கள். மங்கலான பஞ்சுபோல ஒன்றுதான் தெரியும், பீச்சு தெரியவில்லை என்று எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள்.