அன்னம்மாளும் ஹன்னாவும்

கேள்வி: என் அம்மா பெயர் அன்னம்மாள். அதையே பேத்திக்கு வைக்கச் சொன்னேன். மகனும் மருமகளும் ‘ஹன்னா’ என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். அன்னம் என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்க, இங்கிலீஷ் பெயர் எதற்கு?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: உங்கள் அம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் வழங்கும் அன்னம்மாளுக்கும் அன்னப்பறவைக்கும் சம்பந்தம் இல்லை. ஒலி ஒத்துப்போவது தற்செயல். ஹன்னா இங்கிலீஷும் அல்ல, எபிரேயம். அருள், தயவு என்று பொருள். யோவான் என்ற பெயரிலும் அதே வேர்ச்சொல்தான் இருக்கிறது.

பைபிளின் பழைய ஏற்பாட்டில், பிள்ளையில்லாமல் சீலோ ஆலயத்தில் அழுது வேண்டி, தீர்க்கதரிசி சாமுவேலைப் பெற்றாளே, அவள் பெயர் இது. உதடு மட்டும் அசைய, சத்தமில்லாமல் ஜெபித்தவளைக் குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலி அதட்டினான். அந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்கு மனம் கனத்துவிடும்.

சரி, ‘ஹ’ எங்கே போயிற்று? எபிரேயத்தில் அது தொண்டையிலிருந்து வரும் ஒலி. கிரேக்கத்தில் அதற்கு எழுத்து இல்லாததால் ‘அன்னா’ என்று எழுதினார்கள். லத்தீனும் அப்படியே எடுத்துக்கொண்டது.

ஆனால் இந்தப் பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனவர் சாமுவேலின் தாய் அல்ல, மரியாளின் தாய் அன்னம்மாள். நான்கு நற்செய்திகளிலும் அவர் பெயர் கிடையாது. பைபிளில் சேராத இரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்றில்தான் வருகிறது. இருந்தும் மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். 1505-இல் இடிமின்னலில் சிக்கிய மார்ட்டின் லூதர், ‘துறவியாகிறேன்’ என்று வேண்டிக்கொண்டது இந்த அன்னம்மாளிடம்தான். ஆன், அனெட், அனிதா, ரஷ்யாவின் ஆன்யா எல்லாம் இவர் வழி வந்தவை.

அப்புறம் 1611-இல் வந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் பைபிளைப் பாருங்கள். சாமுவேலின் தாய் அதில் ஹன்னா, லூக்கா நற்செய்தியில் வரும் வயதான தீர்க்கதரிசி அன்னா. ஒரே பெயர் அங்கே இரண்டாகத் தெரிகிறது. நம் தமிழ் வேதாகமமோ இருவரையும் ‘அன்னாள்’ என்றே எழுதியது. சாராள், மரியாள் போல ‘ஆள்’ விகுதி. இந்த விஷயத்தில் நம்மவர்கள் செய்ததே சரி என்பேன். அந்த அன்னாவோடு நம் ‘அம்மாள்’ சேர்ந்ததுதான் உங்கள் அம்மாவின் பெயர்.

ஹன்னா அந்நியம் என்றால் அன்னம்மாளும் அந்நியம்தான். அந்தப் பேச்சைக் குழந்தையின் காதில் போடாதீர்கள். வீட்டில் ‘அன்னம்மா’ என்று கூப்பிடுங்கள். மருமகள் மறுக்க ஒரு காரணமும் இல்லை.