கழன்றது கண்ணாடியா, காசா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் கண்ணைப் பற்றியவையே அதிகம். ஒரே விளம்பரம்தான் எல்லார் போனிலும் சுற்றுகிறது போலிருக்கிறது. மிக்சி, குக்கர் புகார்கள் அடுத்த தடவை.

கேள்வி: வயது 31, இரண்டு கண்ணிலும் மைனஸ் 3.5. தொண்ணூறு நாளில் கண்ணாடியைக் கழற்றலாம் என்ற ஆன்லைன் பயிற்சிக்கு 6,500 ரூபாய் கட்டினேன். நாற்பது நாளாகிறது. அவர்கள் அனுப்பிய சார்ட்டில் இரண்டு வரி கூடுதலாகப் படிக்கிறேன். கடையில் மெஷினில் பார்த்தால் அதே 3.5. எது சரி? (மார்த்தாண்டம்)

பதில்: மெஷின்தான் சரி. ஆனால் நீங்கள் சொல்வதும் பொய்யில்லை, தம்பி. கண்ணாடி இல்லாமல் நாளெல்லாம் இருந்தால் மூளை மங்கலுக்குப் பழகி, கிடைத்த மங்கலிலேயே எழுத்தைக் கண்டுபிடிக்கும். போதாததற்கு ஒரே சார்ட்டை நாற்பது நாள் பார்த்தால் அது மனப்பாடம் ஆகிவிடும். கண்ணை இடுக்கிப் பார்த்தாலும் ஒரு வரி கூடும். இதில் எதுவும் பவர் குறைந்ததற்கு அடையாளம் இல்லை.

கிட்டப்பார்வை, அதாவது மைனஸ் பவர், பெரும்பாலும் கண்ணின் நீளத்தால் வருவது. வளர்ந்தவர் கண் முன்னிருந்து பின்னாகச் சுமார் 24 மில்லிமீட்டர். அது ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே மைனஸ் இரண்டரை, மூன்று ஏறிவிடும். கண்ணை உருட்டினாலும் உள்ளங்கையால் பொத்தினாலும் அந்த நீளம் குறையாது. ஓங்கி வளர்ந்த தென்னை தைலம் தடவினால் குட்டையாகுமா? வில்லியம் பேட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்னால் பரப்பிய சரக்கு இது. அப்போது புத்தகமாக விற்றது, இப்போது ஆப்பாக விற்கிறது. எனக்கு எரிச்சல் என்னவென்றால், விற்பவர்கள் ஒருவர்கூட பயிற்சிக்கு முன்னும் பின்னும் மெஷின் சீட்டைக் காட்டுவதில்லை. அழுதபடி கண்ணாடியைக் கழற்றும் வீடியோதான் காட்டுவார்கள். உதிக்கிற சூரியனை உற்றுப் பார்க்கச் சொல்லும் பாடம் உங்கள் பயிற்சியிலும் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். விழித்திரை வெந்துபோகும்.

ஒரு விலக்கு உண்டு. ராப்பகலாகப் படிப்பவர்களுக்கும் போன் பார்ப்பவர்களுக்கும் கண்ணின் உள்தசை இறுகி, இல்லாத மைனஸ் இருப்பதுபோலத் தெரியும். கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, தசையைத் தளர்த்திப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அது மட்டும் இறங்கக்கூடியது.

பணத்துக்கு வருவோம். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் அடியுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: பின்ஹோல் கண்ணாடி 899 ரூபாய்க்கு வாங்கினேன். போட்டால் எழுத்து தெளிவாகத் தெரிகிறது, கழற்றினால் பழையபடி. மாற்றிக் கேட்டு வாங்கியதும் அப்படியே. இரண்டும் பழுதா? (குளச்சல்)

பதில்: பழுதே இல்லை. சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால் மங்கல் குறையும், கழற்றினால் திரும்பி வரும். அதன் வேலையே அதுதான். ஒன்று ஏமாற்றியதும் இன்னொன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறீர்களே, அண்ணாச்சி! சரி, நான் யோக்கியமா? பொருட்காட்சியில் 350 ரூபாய்க்கு வாங்கிய ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. மூன்று மாதம் போட்டேன். அந்த வருஷம் எனக்குக் கண்ணில் கால் (0.25) பவர் கூடியது. அதைப் போட்டுக்கொண்டு பைக் மட்டும் ஓட்டாதீர்கள், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது.

கேள்வி: நான் முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறேன், வயது 38. சின்ன வயதிலேயே இடது கண் சோம்பல் கண்ணாம், அப்போது யாரும் கவனிக்கவில்லை. ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் பயிற்சி 60 சிட்டிங், 48,000 ரூபாய், முழுப் பார்வை கேரண்டி என்கிறார்கள். நகையை வைக்கலாமா? (கருங்கல்)

பதில்: நகையைத் தொடாதீர்கள், அக்கா.

சோம்பல் கண்ணில் கோளாறு பெரும்பாலும் கண்ணில் இல்லை. சின்ன வயதில் ஒரு கண்ணில் மாறுகண்ணோ பவர் வித்தியாசமோ இருந்தால், மூளை அந்தக் கண்ணின் படத்தை ஒதுக்கிப் பழகிவிடும். ஏழு வயதுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மூடிப் பழக்கினால் நன்றாகத் திரும்பும். பதின்வயதிலும் ஓரளவு பலன் கிடைப்பதுண்டு. வளர்ந்தபின் அறவே முடியாது என்று ஒரு காலத்தில் அடித்துச் சொன்னார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. பெரியவர்களுக்குத் திரைப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சிலருக்குச் சார்ட்டில் ஒன்றிரண்டு வரி கூடியிருக்கிறது. நல்ல கண் போனபின் சோம்பல் கண் சற்றுத் தேறியவர்களும் உண்டு. ஆக, கொஞ்சம் கூடலாம், கூடாமலும் போகலாம். 'முழுப் பார்வை கேரண்டி' என்கிற வாயை நம்பாதீர்கள்.

முதலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் கண் பிரிவில் காட்டி, இடது கண்ணுக்குச் சரியான கண்ணாடியோடு எத்தனை வரி தெரிகிறது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். பயிற்சி பலன் தரும் என்று அந்த மருத்துவரே சொன்னால், சிட்டிங்குக்குச் சிட்டிங் பணம் கட்டுகிற இடமாகப் பாருங்கள். நீங்களாக வலது கண்ணைக் கட்டிக்கொண்டு பயிற்சி செய்ய வேண்டாம். பெரியவர்களுக்கு அதில் இரட்டையாகத் தெரியும் ஆபத்து இருக்கிறது.

அதைவிட அவசரம் வேறொன்று. உங்களுக்கு இருப்பது ஒரு நல்ல கண். முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலையே பொத்துவிடும், கண்ணில் தெறித்தால் கேட்கவே வேண்டாம். பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட கண்ணாடி ஒன்று வாங்கி, வேலை நேரம் முழுக்க மாட்டிக்கொள்ளுங்கள். இந்தச் செலவுக்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

கேள்வி: சிறுதேனைக் கண்ணில் விட்டால் பவர் குறையுமா? எந்தக் கடைத் தேன் நல்லது? (குலசேகரம்)

பதில்: குறையாது. எந்தக் கடைத் தேனானாலும் வாயில் விடுங்கள்.

கேள்வி: வயது 24. வலது கண் சோம்பல் கண், இரண்டிலும் மைனஸ். லேசர் செய்தால் இரண்டும் சரியாகும் என்று சொல்லி 10,000 அட்வான்ஸ் வாங்கினார்கள். ரசீது தரவில்லை. (தக்கலை)

பதில்: லேசர் கருவிழியைச் செதுக்கும், மூளையை அல்ல. இன்றைக்கு நல்ல கண்ணாடி போட்டு வலது கண்ணில் எவ்வளவு தெரிகிறதோ, லேசருக்குப் பின்னும் ஏறத்தாழ அவ்வளவுதான். கண்ணின் நீளமும் மாறாது, அதனால் விழித்திரைப் பரிசோதனையை விட முடியாது. கடைசியாக எப்போது பவர் மாறியது என்று உங்களிடம் கேட்டார்களா? ஒரு வருஷமாவது நிலையாக இருந்தால்தான் கத்தியைப் பற்றிப் பேச்சே.

ரசீது விஷயத்துக்கு என்ன சொல்ல? வடசேரியில் கத்தரிக்காய் வாங்கினாலே மிச்சச் சில்லறையை எண்ணுகிறோம். பத்தாயிரத்தை வெறுங்கையோடு கொடுத்துவிட்டு வருவதா? நுகர்வோர் சட்டப்படி ரசீது தராததே முறையற்ற வணிகம். நேரில் போய் எழுத்தில் கேளுங்கள், ஜிபே செய்திருந்தால் அந்தப் பதிவை அச்செடுத்து வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 67. ஆன்லைனில் வாங்கிய மூலிகைச் சொட்டு மருந்து இரண்டு மாதம் விட்டதில், இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். ஆறு பாட்டில் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி. வாங்கலாமா? (தோவாளை)

பதில்: தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டு அவருக்குத் தெரிகிறதா என்று முதலில் கேளுங்கள். தெரியவில்லை என்றால், அது அநேகமாகக் கண்புரை. லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது கண் மைனஸ் பக்கம் சாயும். கிட்டத்தில் திடீரென்று தெளிவாகும், தூரம் மங்கும். வீட்டில் எல்லாரும் மருந்தின் மகிமை என்று சந்தோஷப்படுவார்கள். சர்க்கரை ஏறியிருந்தாலும் பவர் இப்படி ஆட்டம் காட்டும், அதையும் பார்த்துவிடுங்கள். கண்புரையைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உங்கள் பாட்டிலின் லேபிளில் அந்த வார்த்தை இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். அப்பாவை இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.