"தீவுக்குப் போவதே இல்லை" என்கிறார்களா?

வனத்துறைக்காக மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களிடம் ஆய்வை நடத்துகிறீர்கள். தீவுகளுக்குப் போவதே இல்லை என்று எல்லோரும் சாதிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வேறென்ன சொல்வார்கள்? 1986 முதல் அந்த 21 தீவுகளும் தேசியப் பூங்கா. கேட்பவரோ துறையின் ஜீப்பிலிருந்து இறங்குகிறார்!

முதலில் ஜீப்பை விடுங்கள். நிரப்பிய படிவங்கள் அமலாக்கப் பிரிவுக்குப் போகாது என்று துறையிடம் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் பெயரையே குறிக்காதீர்கள்.

அடுத்து, கேள்வியோடு ஒரு நாணயத்தையும் கொடுங்கள். ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் 1965இல் முன்வைத்த முறையிலிருந்து வளர்ந்த உத்தி இது. பதில் சொல்பவர் அதை மறைவாகச் சுண்டட்டும்: தலை விழுந்தால் எப்படியும் "ஆம்", பூ விழுந்தால் உண்மை. 100 பேரில் 70 பேர் "ஆம்" என்றால், சுமார் 50 நாணயத்தின் வேலை. மீதி 50 பேரில் 20 பேர், அதாவது ஏறத்தாழ 40 சதவீதம், போகிறார்கள். தனியாக யாரையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் பிழை வரம்பு பெரியது. சில நூறு பேராவது வேண்டும்.

சங்கத் தலைவர் அழைத்துவரும் ஆட்களோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த ஆய்வு வந்தாலும் அதே முகங்கள்தான் முன்வரிசையில் இருக்கும். கேட்பவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.