வீடியோவில் இருபது, உங்களுக்கு எட்டு

கும்பகோணத்தில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் மாஸ்டரிடம், வீட்டிலேயே வீடியோ பார்த்துத் தசைப் பயிற்சி செய்பவர்கள் கேட்டவையும் அவர் சொன்ன பதில்களும்.

மன்னார்குடி, 34 வயது இல்லத்தரசி: மாஸ்டர், வீடியோவில் அந்தப் பெண் மூச்சு விடாமல் 20 தண்டால் எடுக்கிறாள். எனக்கு ஒன்றுகூட வரவில்லை. விட்டுவிடலாமா?

ஏம்மா விடணும்? தண்டாலை விடாதீங்க, தரையை விடுங்க. தரையில் எடுக்கும்போது உடல் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வருகிறது. முட்டியை ஊன்றினால் ஏறக்குறைய பாதி. கையை உயரத்தில் வைத்தால் இன்னும் குறையும். அதனால் முதலில் சுவர். அதில் 15 லேசாக வந்துவிட்டால் சமையல் மேடை, அப்புறம் திண்ணை, கடைசியில்தான் தரை. திண்ணை உள்ள வீடென்றால் கொடுத்துவைத்தவர் நீங்கள். இப்போது கட்டுகிறவர்கள் அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

உள்ளங்கை திண்ணை விளிம்பில், மார்புக்கு நேராக இருக்கட்டும். குதிகாலிலிருந்து தலைவரை ஒரே கோடு. இடுப்பு தொங்க ஆரம்பித்தால் அந்தச் சுற்று அதோடு முடிந்தது. அவள் 20 வரை எண்ணிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் எட்டில் நிறுத்தி மூச்சு வாங்குங்கள். வீடியோவை நிறுத்தி வைக்கிற பொத்தான் எதற்கு இருக்கிறது?

திருவையாறு, கல்லூரி மாணவர்: எத்தனையில் நிறுத்துவது என்று எப்படித் தெரியும்?

இன்னும் இரண்டு ஒழுங்காக எடுக்கலாம் என்று தோன்றும்போதே நிறுத்து தம்பி. நீ வேண்டுமென்று செய்யாமலே வேகம் குறையும், அதுதான் அடையாளம். உன் வயதில் யாரும் அந்த இடத்தில் நிறுத்துவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நீடாமங்கலம், 47 வயது விவசாயி: மேட்டூர் திறந்து குறுவை ஆரம்பித்தால் நாள் முழுக்க வயலில்தான். அப்புறம் வீடியோ வேறு வேண்டுமா?

வேண்டும், ஆனால் வேறு மாதிரி. நாற்று பறிப்பது, நடுவது எல்லாம் குனிந்தே செய்கிற வேலை. நிமிர்ந்து இழுப்பதும் தலைக்கு மேல் தூக்குவதும் அதில் குறைவு. வாரத்தில் இரண்டு நாளாவது எல்லா முக்கியத் தசைகளுக்கும் வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நடவு நாட்களில் வீடியோவில் குனிந்து எடை இழுக்கும் பகுதியைத் தாண்டிவிடுங்கள். பதிலுக்கு, வீட்டுத் தூணில் நல்ல கனத் துண்டைச் சுற்றி, இரு முனையையும் பிடித்து, பின்னால் சாய்ந்து உடம்பைத் தூணை நோக்கி இழுங்கள். கால் தூணை நெருங்க நெருங்கக் கஷ்டம் கூடும். முடியாவிட்டால் ஓர் அடி பின்னால் வையுங்கள். அப்புறம் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. பத்து நிமிடம் போதும்.

பட்டுக்கோட்டை: டம்பெல் இல்லை.

2 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் 2 கிலோ. மணல் நிரப்பினால் 3 கிலோவைத் தாண்டும், அள்ளுவதற்கு ஆற்றில் மணல் மிச்சமிருந்தால்.

மயிலாடுதுறை, 66 வயது: பிபி மாத்திரை சாப்பிடுகிறேன், முட்டியும் வலிக்கிறது. பஸ்கி எடுக்கலாமா?

உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள் ஐயா. பஸ்கி என்று நினைக்காமல், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதாக நினையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் வழுக்கும். முதுகுப் பக்கம் சுவரில் முட்டும்படி போடுங்கள். மூன்று எண்ணி மெதுவாக உட்காருங்கள், மூச்சை விட்டபடி எழுங்கள். மூச்சை அடக்கி முக்கினால் பிபி சட்டென்று ஏறும். தொடை எரிந்தால் பரவாயில்லை. முட்டிக்குள் குத்தினால் இருக்கையில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். அப்போதும் குத்தினால் அன்றைக்குப் போதும். குதிக்கிற பகுதி வந்தால் நின்ற இடத்திலேயே நடங்கள். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பாபநாசம்: முதல் நாள் செய்துவிட்டு, மறுநாள் படி இறங்க முடியவில்லை.

புதிதாகச் செய்தால் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வலி உச்சத்துக்கு வரும். அதுவரை காலுக்கு ஓய்வு, கொஞ்சம் நடை. அடுத்த முறை பாதி எண்ணிக்கை.

திருவாரூர்: அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடியில் செய்யலாமா?

சாயங்காலம் வேண்டாம், இருட்டிய பிறகும் தளம் கொதிக்கும். விடியற்காலையில் செய்யுங்கள்.