பழைய கமராக்கள், பழைய படங்கள்: துடைப்பதற்கு முன் கேளுங்கள்

மழைக்காலம் முடிந்ததும் வழக்கம்போலப் பூஞ்சணம் பற்றிய வாசகர் கடிதங்களே அதிகம் வந்திருக்கின்றன. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தாத்தா தோட்டத்தில் கிளாக்கராக இருந்தபோது வாங்கிய அக்பா மடிப்புக் கமரா அலுமாரியில் இருந்தது. வில்லைக்குள் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிகின்றன. பற்பசையால் தேய்த்தால் போய்விடும் என்று பழம்பொருள் கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா? (ஹட்டன் வாசகர்)

செய்ய வேண்டாம். பற்பசை உரசித் தேய்க்கும் பொருள். அது பூஞ்சணத்தோடு கண்ணாடியின் மேற்பூச்சையும் எடுத்துவிடும். மேலும், வில்லைக்குள் இருக்கும் இழையை வெளியில் தேய்ப்பதால் பயன் எதுவும் இல்லை. முதலில் கமராவைத் தோல் உறையிலிருந்து வெளியே எடுங்கள். மலைநாட்டின் மூடுபனிக் காலத்தில் தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டியதும் பூஞ்சணம் வளர அதுவே போதும். இழை வெளிப்பரப்பில் இருந்தால், மென்மையான துணியில் சிறிதளவு ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்டு அழுத்தாமல் துடைக்கலாம். உள்ளே இருந்தால் வில்லையைத் திறக்கத் தெரிந்த திருத்துநரிடம்தான் கொடுக்க வேண்டும். பூஞ்சணம் வெளியேற்றும் அமிலம் கண்ணாடியை ஏற்கெனவே அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது. ஆனாலும் பெரும்பாலும் படம் சற்று மங்கலாக வருமே தவிர, கமரா வீணாகிவிடாது. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன், மற்ற வில்லைகளிலிருந்து பிரித்து வையுங்கள். 40 முதல் 50 சதவீத ஈரப்பதன் போதுமானது. இன்னொன்று: அந்தக் கால அக்பாக்களில் தூரம் சரிசெய்யும் வளையத்தின் பச்சைக் கிரீஸ் கல்லைப் போல இறுகியிருக்கும். குறட்டால் திருக வேண்டாம். எதையும் பலவந்தமாகத் திருக வேண்டாம்.

கண்டியில் ஒரு கடையில் 1936 பெர்லின் ஒலிம்பிக் சின்னம் பொறித்த தங்கமுலாம் லைக்கா கமரா இருக்கிறது. விலை ஏறத்தாழ மூன்று இலட்சம். வாங்கலாமா?

அது பெரும்பாலும் சோவியத் நாட்டில் செய்யப்பட்ட லைக்காப் பிரதியான பெட் (FED) அல்லது சோர்க்கி (Zorki). 1932இல் வெளிவந்த லைக்கா இரண்டின் அமைப்பைப் பின்பற்றி 1934 முதல் கார்கிவ் நகரில் பெட் கமராக்கள் தயாரிக்கப்பட்டன. பிற்காலத்தில் அவற்றின் எழுத்துகளை அழித்து, முலாம் பூசி, ஒலிம்பிக் வளையங்களையும் ஜெர்மன் விமானப்படைக் கழுகையும் பொறித்து விற்றார்கள். லைக்காவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனமே செய்த தங்கமுலாம் லக்சஸ் கமராக்கள் நூறு அளவில்தான் இருக்கும். அவற்றில் ஒன்று மலைநாட்டுக் கடையொன்றில் கேட்பாரற்றுக் கிடக்க வாய்ப்பில்லை. கடையிலேயே சோதித்துப் பாருங்கள். வில்லையைக் கழற்றி, உள்ளே மேற்பக்கத்தில் நீளும் சிறு கையைப் பாருங்கள்: அசலில் அதன் முனையில் சுழலும் உருளை இருக்கும், சோவியத் பிரதியில் சப்பையான ஆப்பு போன்ற முனை இருக்கும். லைக்காவின் எல்மார் வில்லையானால் ஒளி புகும் துவாரத்தின் தகடுகள் முதற் கண்ணாடிக்கு உடனே பின்னால் அமைந்திருக்கும். பிரதியில் இரண்டாவது கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கும். பெட் மோசமான கமரா அல்ல. பெட்டின் விலைக்குத் தந்தால் வாங்குங்கள். வாங்கினால், சுருளை நகர்த்திய பிறகே ஷட்டர் வேகத்தை மாற்றுங்கள்.

என்னிடம் ஒரு பழைய கொடாக் கமரா இருக்கிறது. என்ன விலை போகும்?

கொடாக் நூறு ஆண்டுகளுக்கு மேல் நூற்றுக்கணக்கான மாதிரிகளைச் செய்தது. மாதிரிப் பெயர், சுருள் எண், ஷட்டர் வேலை செய்கிறதா என்ற விபரம், ஒரு படம் ஆகிய இவற்றில் ஒன்றையும் அனுப்பாமல் விலை மட்டும் கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. இதை முன்பும் எழுதியிருக்கிறேன்.

பிரவுனி சிக்ஸ்-20 பெட்டிக் கமராவுக்கு இப்போது பிலிம் கிடைக்குமா? (வெலிமடை)

அதற்கான 620 பிலிம் சுருளைக் கொடாக் 1995இல் நிறுத்திவிட்டது. ஆனால் 120 சுருளும் அதுவும் ஒரே அகலம் உடையவை. 620இல் பிலிம் சுற்றும் கம்புதான் மெல்லியது. கமராவுக்குள் கிடக்கும் பழைய கம்பை எறிந்துவிடாதீர்கள். இருளில் 120 சுருளை அதற்கு மாற்றிச் சுற்றினால் தாராளமாகப் படம் எடுக்கலாம்.

மூடப்பட்ட துரை பங்களா ஒன்றிலிருந்து வந்த ஆல்பத்தைக் கடைக்காரர் தாள் தாளாகப் பிரித்து விற்கிறார். கொழுந்தெடுக்கும் பெண்களின் படங்கள் நான்கு வாங்கினேன். அட்டை கறுத்துவிட்டதால் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, லெமினேட் செய்து வீட்டில் மாட்டலாம் என்று நினைக்கிறேன். (தலவாக்கலை ஆசிரியை)

அம்மா, தயவுசெய்து செய்யாதீர்கள். ஏற்கெனவே ஒன்றை உரித்திருந்தால் மற்ற மூன்றையாவது விட்டுவிடுங்கள்.

19ஆம் நூற்றாண்டின் அல்புமென் படம் முட்டை வெண்கரு பூசிய மிக மெல்லிய தாள். அதை அட்டைதான் தாங்கி நிற்கிறது. அட்டையிலிருந்து பிரித்தால் சுருண்டு வெடித்துவிடும். லெமினேட் செய்வது அதைவிடக் கொடுமை. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை எவராலும் பிறகு பிரிக்க முடியாது. வீட்டில் மாட்டுவதற்கு ஒரு நகல் எடுத்து மாட்டுங்கள். அசலை அமிலமற்ற தாளில் சுற்றி, வெயில் படாத இடத்தில், தட்டையாக வையுங்கள்.

ஆனால் என்னை இதைவிட வருத்துவது ஆல்பம் பிரிக்கப்பட்டதுதான். 1870களில் கண்டியில் இயங்கிய ஸ்கோவன், 1890இல் கொழும்பில் தொடங்கிப் பின்பு கண்டியிலும் நுவரெலியாவிலும் கிளை வைத்த பிளாட்டே போன்ற புகைப்பட நிலையங்கள் ஒரே நெகட்டிவிலிருந்து பல பிரதிகள் எடுத்துத் துரைமாருக்கும் பயணிகளுக்கும் விற்றன. ஆகவே உங்களிடம் இருக்கும் அதே படம் இலண்டனில் ஓர் ஆவணக் காப்பகத்திலும் இருக்கலாம். அதன் பின்புறத்தில் ஒருவர் பென்சிலால் எழுதியது மட்டும் வேறெங்கும் இருக்காது. துரையின் பெயர், அவருடைய குதிரையின் பெயர், நாயின் பெயர் எல்லாம் மையால் எழுதப்பட்ட ஆல்பங்களில், கூடை சுமந்து நிற்கும் நம் பாட்டிமாருக்குப் பெயர் எழுதியிருப்பது அபூர்வம். எப்போதாவது ஓரத்தில் ஒரு கங்காணியின் பெயர் இருக்கும், அல்லது தோட்டப் பிரிவான டிவிஷனின் பெயரும் ஆண்டும் இருக்கும். எந்தப் படம் எந்தப் படத்துக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது என்பதிலிருந்தே பெயரற்ற படமொன்று எந்தத் தோட்டத்தில் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க முடியும். இருபது படங்களைத் தனித்தனியாக விற்றால் கூடுதல் பணம் கிடைக்கும் என்று பிரிப்பவர், அந்த மனிதர்களை அடையாளம் காணக்கூடிய கடைசி வழியை அழிக்கிறார். உரித்து அட்டையைக் குப்பையில் போடுபவரும் அதையேதான் செய்கிறார்.

ஆகவே உடனே கடைக்குத் திரும்பிச் செல்லுங்கள். மீதிப் பக்கங்களை வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் கைபேசியால் அட்டை முதல் கடைசித் தாள் வரை, முன்னும் பின்னும், வரிசை மாறாமல் படமெடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். எந்தத் தோட்டத்து பங்களாவிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டுத் தனித்தாளில் எழுதி, படத்தோடு வையுங்கள். படத்தின் பின்புறத்தில் பேனையால் எதுவும் எழுதக் கூடாது, செலோடேப் ஒட்டக் கூடாது.

1890 என்று எழுதிய தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின் படம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. (பதுளை)

அந்தப் பாலம் திறக்கப்பட்டது 1921இல். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்.

புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் எடுத்தது என்று ஒரு தபாலட்டைப் படத்தைக் காட்டுகிறார்கள். அவர் எங்கள் பொகவந்தலாவையில்தானே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்? (பொகவந்தலாவை)

ஆம், அங்குள்ள புனித மரியாள் தேவாலய வளவில். அவர் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் காலமானார். உங்கள் அட்டையின் பின்புறத்தில் நடுவே கோடிட்டு ஒரு பாதி செய்திக்கும் மறுபாதி முகவரிக்கும் விடப்பட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட தபாலட்டைகள் பிரித்தானியாவிலேயே 1902இல்தான் வந்தன. மேலும் பூதக்கண்ணாடியால் பார்க்கும்போது சிறு புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அச்சிடப்பட்டது. தபாலட்டையாக அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அதற்கு மேல் கொடுக்க வேண்டாம்.

ஷட்டர் இறுகிவிட்டது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடலாமா? (நுவரெலியா)

ஒரு சொட்டும் விடாதீர்கள். எண்ணெய் தகடுகளுக்குள் பரவி அவற்றை ஒட்டிவிடும். அநேகமாகப் பழைய கிரீஸ்தான் காரணம். கழுவித் திருத்தக் கொடுங்கள். தானியங்கி நேரத் தாமத நெம்புகோலையும் தொடாதீர்கள், பழைய ஷட்டர்களில் முதலில் பழுதாவது அதுதான்.

தகர டின்னில் பழைய பிலிம் சுருள்களும் நெகட்டிவ்களும் கிடைத்தன. வினாகிரி வாடை அடிக்கிறது. எரிந்துவிடும் என்கிறார்கள். (கம்பளை)

வினாகிரி வாடை அசெற்றேட் வகைப் பிலிம் சிதைவதன் அடையாளம். அது எளிதில் தீப்பற்றாது, ஆனால் பக்கத்திலுள்ளவற்றையும் விரைவாகக் கெடுக்கும். உடனே பிரித்து வையுங்கள். அஞ்ச வேண்டியது நைற்றேட் பிலிம். கொடாக் அதை 1951 அளவில் கைவிட்டது. அதற்கு முற்பட்டு, ஓரத்தில் 'சேப்டி' என்று இல்லாத எதையும் நைற்றேட் என்றே கருதுங்கள். அது எரியத் தொடங்கினால் தண்ணீராலும் அணையாது, எரிவதற்கு வேண்டிய ஒட்சிசன் அதற்குள்ளேயே இருக்கிறது. துண்டு வெட்டி நெருப்பில் காட்டிச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வீட்டுக்குள் அதைச் செய்யவே கூடாது. காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில், விளக்குக்கும் அடுப்புக்கும் தூரமாக வையுங்கள்.

என் மடிப்புக் கொடாக்கின் பின்புறத்தில் ஒரு சிறு கதவும் பக்கத்தில் ஒரு உலோகக் குச்சியும் உள்ளன. எதற்கு? (பண்டாரவளை)

அது 1914இல் வந்த ஓட்டோகிராபிக் அமைப்பு. படமெடுத்ததும் கதவைத் திறந்து குச்சியால் தாளில் எழுதி, சிறிது நேரம் வெளிச்சம் காட்டினால், எழுத்து நெகட்டிவின் ஓரத்தில் பதிந்துவிடும். அதற்கான பிலிமை 1930களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். குச்சி தொலையாமல் இருப்பது நல்லது, குச்சியில்லாத கமராக்களே அதிகம் கிடைக்கின்றன. கமராவோடு பழைய நெகட்டிவ்களும் வந்திருந்தால், படங்களுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; இடமும் திகதியும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.